எனக்கு முன்னாடியே வந்துபோனவர்கள்

புதுசாக ஒரு யோசனை தோன்றினால் முதல் இரண்டு நாள் நான் அதை யாரிடமும் சொல்வதில்லை. கூகுளிடமும் கேட்பதில்லை. உலகத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பில் இரண்டு நாள் சுகமாக ஓடும். மூன்றாவது நாள் தேடிப் பார்த்தால், 1840இல் பெர்லினில் ஒருத்தர் அதை இன்னும் அழகாக எழுதி வச்சுட்டுப் போயிருப்பார். இருட்டில் இன்னொரு படி இருக்கிறதென்று காலை வைத்து, அது தரையாக இருந்தால் உடம்பு ஒரு குலுங்கு குலுங்குமே, அப்படி இருக்கும்.

இதை அனுபவிக்காதவர்கள் யாரும் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் இதற்குத் தமிழில் பெயர் இல்லை. இத்தனைக்கும் நம் இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கவனமானவர்கள். தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நன்னூல் சார்புநூல் என்று மூன்றாவதையும் சேர்க்கிறது. வழிநூல் என்பது அவமானம் இல்லை. தொகுக்கலாம், விரிக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று அதற்கு முறைகளே வகுத்து வைத்திருக்கிறார்கள். கம்பர் எழுதியது வழிநூல்தான், அதனால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது? ஆனால் முதல்நூல் ஒன்று இருப்பதே தெரியாமல் ஒருத்தர் உட்கார்ந்து அதையே எழுதிவிட்டால் அது எந்த வகை? முதலும் இல்லை, வழியும் இல்லை, களவும் இல்லை. இந்தப் பெயரில்லாத வகையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் நான் இருக்கும் திருவண்ணாமலையிலேயே நடந்திருக்கிறது.

1896 ஜூலையில் மதுரையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம் வருகிறது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. பயந்து யாரையும் கூப்பிடாமல், அப்படியே படுத்து, கை காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, 'சரி, இந்த உடம்பு செத்துப் போச்சு, இப்போ நான் செத்துட்டேனா?' என்று பார்க்கிறான். பார்த்ததில் அவனுக்குக் கிடைத்த பதில் அவன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. ஆறு வாரம் கழித்து வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிற்பாடு உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது இந்தப் பையனைத்தான்.

அவர் என்ன கண்டார் என்பது பக்தர்களும் தத்துவக்காரர்களும் பேச வேண்டியது. எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுவது அதற்கு அடுத்து நடந்தது. மதுரையில் அந்தப் பையன் படித்திருந்த சமய நூல் என்று பார்த்தால் பெரியபுராணம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் கொஞ்சம் பைபிள். வேதாந்தச் சொற்கள் எதுவும் தெரியாது. பிரம்மம் என்று ஒன்று பேசப்படுவதே தனக்கு அப்போது தெரியாது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கோயிலின் ஆயிரங்கால் மண்டபம், அதன் கீழே பாதாள லிங்கம், பிறகு ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்த காலத்தில், பழனிசாமி என்பவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். பழனிசாமி மலையாளி. கைவல்ய நவநீதம் போன்ற தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கி வந்து தட்டுத்தடுமாறிப் படிப்பார். அவர் படும் பாட்டைப் பார்த்து, இளம் சுவாமி அந்தப் புத்தகத்தை வாங்கித் தானே படித்துச் சாரத்தைச் சொல்லித் தருவார்.

அப்படி அடுத்தவருக்கு உதவி செய்யப்போய்த்தான் விஷயம் தெரிய வருகிறது. தான் மதுரையில் ஒரு மாடி அறையில் பார்த்ததை ரிபு கீதை, கைவல்யம் என்று எத்தனையோ நூல்கள் ஏற்கெனவே பிரித்துப் பிரித்து ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்திருக்கின்றன. பி.வி. நரசிம்ம சுவாமி 1931இல் வெளியிட்ட ஆங்கில வாழ்க்கை வரலாற்றில் இது பதிவாகியிருக்கிறது. அவரோடு எல்லோரும் சேர்த்துச் சொல்லும் 'நான் யார்' என்ற கேள்வி கூட அவருக்கு முன்பே யோக வாசிஷ்டத்தில் இருக்கிறது, பஜ கோவிந்தத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் நானாக இருந்தால் சப்பென்று ஆகியிருக்கும். அவர் செய்தது வேறு. விரூபாக்ஷ குகையில் இருந்த வருஷங்களில் விவேகசூடாமணியைத் தமிழ் உரைநடையில் கொண்டுவந்தார். தேவிகாலோத்தரம் என்ற ஆகமப் பகுதியைத் தமிழாக்கினார். கீதையிலிருந்து 42 சுலோகங்களைப் பொறுக்கி வரிசைப்படுத்தினார். உள்ளது நாற்பது அவருடைய சொந்த நூல். ஆனால் அதற்கு ஓர் அனுபந்தம் உண்டு, அதன் பெரும்பகுதி பழைய சமஸ்கிருத சுலோகங்களின் தமிழ் வடிவம். அதாவது தனக்கு முன்னால் வந்தவர்களைக் கண்டுபிடித்ததும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திருவண்ணாமலை நகராட்சியில் ஓவர்சீயராக இருந்த கம்பீரம் சேஷய்யர், விவேகானந்தரின் ராஜயோகம் மாதிரிப் புத்தகங்களோடு வந்து சந்தேகம் கேட்பார். சுவாமி அப்போது பேசுவதில்லை. துண்டுக் காகிதங்களில் விளக்கம் எழுதித் தருவார். கேட்பவர் எந்தச் சொற்களில் கேட்கிறாரோ அந்தச் சொற்களிலேயே பதில் சொல்ல முடிந்தது. எனக்குத் தோன்றும் காரணம் இது: பொருள் முதலில் கையில் இருந்தது, பெயர் பிறகுதான் வந்தது. நம்மில் பலருக்கு இது தலைகீழ். பெயர் முதலில் கிடைத்துவிடும், பொருள் கடைசிவரை கிடைக்காது.

இவ்வளவு பெரிய விஷயத்துக்குப் பக்கத்தில் என்னுடைய சின்னச் சரக்கை வைக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இடம் அதே மலைதான் என்பதால் சொல்கிறேன். முதல் பத்தியில் சொன்ன பெர்லின்காரர் இங்கேதான் வருகிறார்.

கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். மலையை வலப்பக்கம் வைத்துச் சுற்ற வேண்டும். பழக்கம் தெரிந்தவர்கள் சாலையின் இடது ஓரமாகவே நடப்பார்கள். மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் வழி என்பது நம்பிக்கை. ஒரு பௌர்ணமி இரவு நான் சாலைக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த பாட்டி ஒருத்தர், "தம்பி, அந்தப் பக்கம் போகாதப்பா, இந்த ஓரமா வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். நல்ல பிள்ளையாக ஓரத்துக்கு வந்தேன். வந்ததும் கணக்குப் புத்தி கிளம்பியது. வெளி ஓரத்தில் நடப்பதால் எவ்வளவு தூரம் கூடுதலாக நடக்கிறேன்?

பாதை வட்டம் இல்லை, கோணல்மாணல். எனவே சுலபமாகச் சொல்ல முடியாது என்றுதான் முதலில் தோன்றியது. நடக்க நடக்கத்தான் பிடிபட்டது. நேரான பகுதிகளில் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டும் ஒரே நீளம். வித்தியாசம் திருப்பத்தில் மட்டும்தான் வரும். மாட்டுவண்டி திரும்பும்போது உள்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல, வெளிச்சக்கரம் ஒரு வில் போட்டு வருமே, அதே கதை. சாலை எதிர்ப்பக்கம் வளைந்தால் அங்கே வெளி ஓரக்காரருக்கு லாபம், முன்னால் விட்டதை அங்கே பிடித்துக்கொள்வார். ஆக எல்லாத் திருப்பங்களையும் கூட்டிக் கழித்தால்? ஒரு சுற்று முடித்துக் கிளம்பின இடத்துக்கே, கிளம்பின திசையைப் பார்த்தே வந்து நிற்கிறோம். மொத்தத்தில் ஒரே ஒரு முழு வட்டம், 360 பாகை. எனவே மலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பாதை எப்படி நெளிந்தாலும், கூடுதல் தூரம் சாலை அகலத்தைப் போல 6.28 மடங்கு மட்டுமே. சாலை 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 63 மீட்டர். சித்தர்களுக்கு வழிவிட்டு நடக்க நாம் கொடுக்கும் விலை 14 கிலோமீட்டரில் வெறும் 63 மீட்டர்! இமயமலையைச் சுற்றினாலும் அதே 63 மீட்டர்.

இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தேடினால் யாக்கோப் ஸ்டைனர் வந்து நிற்கிறார். சுவிட்சர்லாந்தில் பிறந்து பெர்லினில் வேலை பார்த்த வடிவியல்காரர். 1840இலேயே இதைச் செய்திருக்கிறார். பூமியின் இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, அதை ஒரு மீட்டர் உயர்த்த எவ்வளவு கூடுதல் கயிறு வேண்டும் என்ற புதிரும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான்.

ஆனால் ஸ்டைனர் அங்கே நிற்கவில்லை என்பதுதான் விஷயம். நான் கோட்டோடு நின்றுவிட்டேன். அவர் ஒரு திண்மத்தையே எல்லாப் பக்கமும் சம அளவு பருக்கச் செய்து, அதன் கன அளவு எவ்வளவு கூடும் என்று சூத்திரம் எழுதினார். ஒருங்கிணைந்த வடிவியல் என்ற துறைக்கே அது ஒரு தூண். நான் நடந்து வந்து நின்ற திண்ணைக்குப் பின்னால் ஒரு முழு வீடு இருந்தது. அந்தப் பாட்டி கையைப் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் அந்த வீட்டுக்குள் நான் போயே இருக்க மாட்டேன். யாராவது புத்தகத்தைக் கொடுத்திருந்தாலும் மூன்றாம் பக்கத்தில் மூடியிருப்பேன்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தனியாக நடப்பதற்கு நிஜமான நஷ்டமும் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. அதற்கு ராமானுஜனிடம் போக வேண்டும்.

கும்பகோணத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது ராமானுஜன் சைன், கோசைன் சார்புகளைப் பற்றிய சூத்திரங்களைத் தானாகவே கண்டுபிடித்தார். ஆய்லர் அவற்றை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுவிட்டார் என்று தெரிந்தபோது பையனுக்கு அப்படி ஒரு ஏமாற்றம். எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கூரையை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மாதிரி இருக்கும். தப்பாகச் செய்தவன் ஒளிப்பது புரிகிறது. சரியாகச் செய்தவன் ஏன் ஒளிக்க வேண்டும்?

பிறகு கார் என்பவர் தொகுத்த புத்தகம் கையில் கிடைத்தது. சுமார் 5000 முடிவுகள் வரிசையாக, நிரூபணம் அநேகமாக எதற்கும் இல்லை. சரக்கெல்லாம் பழசு. அதை வைத்துக்கொண்டு தனியாளாக ஐரோப்பாவின் கணிதத்தோடு மல்லுக்கு நின்றார். இந்தியாவில் இருந்தபோது ராமானுஜன் செய்த சிறந்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறுகண்டுபிடிப்பு என்று ஹார்டி பிற்பாடு கணித்தார். ராமானுஜனின் உண்மையான சோகம் அவர் 32 வயதில் இறந்தது இல்லை, 18 முதல் 25 வரையிலான வருஷங்கள் வழிகாட்ட ஆளில்லாமல் போனதுதான் என்பது ஹார்டியின் கட்சி. அதிலும் ஒரு இடத்தில் விலை நேரடியாகவே தெரிகிறது. பகா எண்களின் பரவலைப் பற்றி ராமானுஜன் சொன்ன சில முடிவுகள் தவறு. ரீமன் 1859இல் காட்டிய பாதை, அதாவது கலப்பெண்களின் வழியாகப் பகா எண்களைப் பார்ப்பது, அவர் கைக்கு வந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. முன்னோரைத் தெரியாமல் இருந்தால் அவர்கள் செய்ததையே திரும்பச் செய்வோம் என்பது பாதி நஷ்டம்தான். அவர்கள் ஏற்கெனவே தாண்டிய குழியில் நாம் விழுவோம் என்பது மீதி.

ரமணருக்கு இந்த நஷ்டம் வரவில்லை, ஏனென்றால் அவர் கண்டது இன்னொருவர் முன்பே கண்டதால் கொஞ்சமும் குறையாத வகை. பசி மாதிரி. ஆயிரம் பேர் சாப்பிட்டிருந்தாலும் நான் சாப்பிட்டால்தான் எனக்கு அடங்கும். கணக்கு அப்படி இல்லை, அதில் 'யார் முதலில்' என்பது சம்பளத்தையும் வேலையையும் தீர்மானிக்கிறது. ஆய்வு மாணவர் ஒருவர் மூன்று வருஷம் உழைத்து முடித்தபிறகு, அது ஏற்கெனவே வெளிவந்தது என்று தெரிந்தால், அவரிடம் போய் 'நடந்த பாதை உன்னுடையது' என்று ஆறுதல் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் எல்லோரும் ஆய்வு மாணவர்கள் இல்லை. எங்கள் தெருவில் எட்டாவது படிக்கும் ஒரு பெண், மார்கழியில் கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தாள். ஒரு புள்ளி, மூன்றுக்கு மூன்று, ஆறுக்கு ஆறு, பத்துக்குப் பத்து என்று சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சேரும் புள்ளிகள் 8, 27, 64. அதாவது இரண்டின் கனம், மூன்றின் கனம், நான்கின் கனம். ஓடிப்போய் டியூஷன் மாஸ்டரிடம் காட்டினாள். அவர், "இது பத்தாங்கிளாஸ் புக்குலயே இருக்கும்மா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். கனங்களின் கூடுதல், எண்களின் கூடுதலின் வர்க்கத்துக்குச் சமம். ஆரியபட்டர் 499இலேயே கனங்களைக் கூட்ட விதி தந்திருக்கிறார். ஆனால் அந்தப் பெண் அடுத்த வாரம் கோலம் போட்டாள், எண்ணவில்லை.

எனக்கு அதைக் கேட்டபோது மாஸ்டர் மேல் கோபம் வரவில்லை, அந்த வாக்கியத்தின் மேல்தான் வந்தது. 'இது ஏற்கெனவே இருக்கு' என்று சொல்லி நிறுத்துவதற்கும், 'இது ஏற்கெனவே இருக்கு, வா காட்டுறேன்' என்று சொல்வதற்கும் நடுவே ரெண்டே வார்த்தைதான். சூத்திரம் தெரிந்த எத்தனையோ பேருக்கு அது ஏன் உண்மை என்று தெரியாது. அவளுக்கோ வாசலில் பளிச்சென்று தெரிந்தது. சதுரத்தின் இரண்டு பக்கமும் ஒட்டும் அந்தப் பட்டைகளை வெட்டி அடுக்கினால் கனம் வந்துவிடும், அதுதான் நிரூபணமே. மாஸ்டரிடம் சூத்திரம் இருந்தது, அவளிடம் அதற்கான காரணம் இருந்தது.

இப்போது நிலைமை இன்னும் வேகம். ராமானுஜனுக்கு ஆய்லரைத் தெரிந்துகொள்ள மாதங்கள் ஆகியிருக்கும், நமக்குப் பத்து விநாடி. அதனால்தான் அந்த இரண்டு நாள் விரதம். வெளியிடப் போகிறேன், யார் காசையோ செலவழிக்கப் போகிறேன் என்றால் முதல் மணிநேரத்திலேயே தேடிவிடுவேன். எனக்காக யோசிப்பது என்றால் முதலில் போகிற வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம்தான் தேடுவேன். தேடும்போதும் 'இருக்கா, இல்லையா' என்று கேட்பதில்லை. இருக்கத்தான் செய்யும். அவர் எங்கே நிறுத்தினார், என் வழியிலிருந்து பார்த்தால் அவருக்குத் தெரியாத ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் தெரியாது. எப்போதாவது தெரியும்.

இதையும் நான்தான் முதலில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ராபர்ட் மெர்ட்டன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1961இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே கண்டுபிடிப்பைப் பலர் தனித்தனியாகச் செய்வது அதிசயமில்லை, அதுதான் வழக்கம் என்பது அவர் வாதம். கூடவே, இந்தக் கருத்தையே தனக்கு முன்னால் பலர் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியலும் கொடுத்தார். மனுஷன் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார்.

கூரையில் தாளை ஒளித்த பையன் பிறகு என்ன ஆனான் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். ராமானுஜன் ஹார்டிக்கு அனுப்பிய முடிவுகளில் இரண்டு சமன்பாடுகள் இருந்தன. அவற்றில் ஒன்றை எண்களை வைத்து இப்படிச் சொல்லலாம்: 9ஐப் பல எண்களின் கூட்டலாக எழுதுங்கள், ஆனால் எந்த இரண்டு எண்ணுக்கும் இடையே குறைந்தது 2 வித்தியாசம் இருக்க வேண்டும். 9, 8+1, 7+2, 6+3, 5+3+1 என்று ஐந்து வழி. இப்போது அந்த நிபந்தனையை விட்டுவிட்டு, 1, 4, 6, 9 என்ற இலக்கங்களில் முடியும் எண்களை மட்டும், திரும்பத் திரும்ப வரலாம் என்ற சலுகையோடு, பயன்படுத்துங்கள். மறுபடி ஐந்து வழிதான். எந்த எண்ணுக்கும் இப்படியே இரண்டு பக்கமும் பொருந்தும். ஏன்? ராமானுஜனிடம் நிரூபணம் இல்லை. ஹார்டிக்கும் தெரியவில்லை, அவர் கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. மக்மஹோன் 1916இல் தன் புத்தகத்தில் நிரூபணம் இல்லாமலே இதை அச்சிட்டார்.

1917இல் கேம்பிரிட்ஜில் லண்டன் கணிதக் கழகத்தின் பழைய தொகுதிகளைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்த ராமானுஜன் கண்ணில் ஒரு கட்டுரை பட்டது. எல்.ஜே. ரோஜர்ஸ் என்பவர் 1894இல் எழுதியது. அதே சமன்பாடுகள், முழு நிரூபணத்தோடு. வெளிவந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகியும் யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த முறை ராமானுஜன் எதையும் ஒளிக்கவில்லை. ஆச்சரியப்பட்டார், ரோஜர்ஸின் வேலையை மனம்விட்டுப் பாராட்டினார். ரோஜர்ஸோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. இருவரின் எளிமையாக்கப்பட்ட நிரூபணங்களும் 1919இல் சேர்ந்தே வெளிவந்தன. இதற்குள் ஜெர்மனியில் இஸ்ஸாய் ஷூர் என்பவரும், இவர்கள் யாரையும் அறியாமல், 1917இல் அதையே நிரூபித்திருந்தார். தூசி படிந்து கிடந்த ரோஜர்ஸ் 1924இல் ராயல் சொசைட்டிக்குத் தேர்வானார். சமன்பாடுகளுக்கு இன்று ரோஜர்ஸ்–ராமானுஜன் என்று பெயர்.

1980இல் ஆஸ்திரேலியாவின் ராட்னி பேக்ஸ்டர், அறுகோணத் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒரு பரப்பில் எப்படி அடையும் என்ற இயற்பியல் கணக்கைப் போட்டுக்கொண்டு வேறொரு பக்கத்திலிருந்து நடந்து வந்தார். அவர் வந்து சேர்ந்த இடத்திலும் அதே இரண்டு சமன்பாடுகள் நின்றுகொண்டிருந்தன.